உம்மே ஹானியின் கால் கையெழுத்து

ஹபீபுர் ரஹ்மான் தன் வாழ்நாளில் எந்த அலுவலகத்தையும் சந்தேகப்பட்டவர் இல்லை. தி.நகர் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், காலுக்கு அளவெடுத்துச் செருப்புத் தைத்துக் கொடுப்பவர். ரேஷன் கடையில் நாளைக்கு வா என்றால் நாளைக்குப் போவார். படிவத்தைப் பெரிய எழுத்தில் நிரப்பு என்றால் கட்டத்தைவிட்டு வெளியே வழியும் அளவுக்குப் பெரிதாக எழுதுவார். இப்படிப்பட்ட ஆட்களை நம்பித்தான் இந்த நாட்டில் பாதிக் கட்டடங்கள் நிற்கின்றன.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மகள் உம்மே ஹானி பிறந்தபோது, பிரசவ வார்டுக்கே டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். ஆதிமூலம் ஸ்டெம் செல் வங்கி, அடையாறு. தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறது, அது விதைநெல் மாதிரி, புது ரத்தத்தை உண்டாக்கும், இப்போதே ஒரு பையில் பிடித்து உறைய வைத்துவிட்டால் பின்னால் குடும்பத்தில் யாருக்காவது ரத்த நோய் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் விளக்கினார். "எடுத்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை அவர் மூன்று முறை சொன்னதாக ஹபீபுக்கு நினைவு.

வைப்பாளரின் கையெழுத்து தேவைப்பட்டது. வைப்பாளர் என்பது குழந்தை. பிறந்து நாற்பது நிமிடம் ஆன வைப்பாளருக்கு எழுத வராததால், வலது பாதத்தில் மை தடவிப் படிவத்தில் பதித்தார்கள். மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு என்று ஹபீபின் கண் அளந்துவிட்டது. தொழில் புத்தி, எங்கே போனாலும் கூடவே வரும். சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்தார். அதன் பிறகு அந்தக் குடும்பம் நிம்மதியாகத் தூங்கியது.

இந்த வருடம் பிப்ரவரியில் இளையவன் சஃப்வானுக்கு உடம்பெல்லாம் ஊதா நிறத்தில் திட்டுகள் வந்தன. ஏழு வயதுப் பையன். பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த பிறகு, ரத்தநோய் மருத்துவர் ஆரோக்கியமேரி கணவனையும் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார்.

"எலும்புக்குள்ள ரத்தம் செய்யற இடம் வேலையை நிறுத்திடுச்சு. மருந்தும் கேக்கல. நல்ல சேதி என்னன்னா, அக்காவோட செல் தம்பிக்கு முழுசாப் பொருந்துது. ரெண்டு வழி இருக்கு. ஹானியோட இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கலாம். இல்லேன்னா, நீங்க வெச்சிருக்கறதாச் சொல்ற அந்தப் பையைக் கொண்டுவாங்க, பரிசோதிச்சுப் பாக்கறேன். எதுவானாலும் ஆறு வாரத்துக்குள்ள. இவனுக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்தாத் தாங்க மாட்டான்."

மனைவி அஃப்சருன்னிசாவுக்கு ஊசி என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. மயிலாப்பூர் கச்சேரி சாலை வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"ஒண்ணு படுத்துக் கெடக்கு. இன்னொண்ணையும் கொண்டுபோய்ப் படுக்கப் போட என்னால முடியாதுங்க."

"அதுக்குத்தான பை கீது. ஹானி மேல ஒரு ஊசி படாது. நானாச்சு," என்றார் ஹபீப்.

கதவோரம் நின்ற ஹானி, "எங்கிட்டயே எடுத்துக்கட்டும் அத்தா, பரவால்ல," என்றாள். ஹபீப் அதற்குள் பீரோவைத் திறந்து சான்றிதழைத் தேடத் தொடங்கியிருந்தார். மைனர் பேச்சு அந்த வீட்டிலும் பதிவேட்டில் ஏறாது.

*

ஆதிமூலம் வங்கியின் வரவேற்பறையில் செயற்கை அருவி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மின்பலகை: "இதுவரை வைக்கப்பட்ட பைகள் 1,14,306. இதுவரை எடுக்கப்பட்ட பைகள் 0." இரண்டாவது எண்ணைச் சுற்றி மட்டும் சிறு பல்புகள் மின்னின.

வாடிக்கையாளர் உறவு அதிகாரி ரகுபதி, ஒரு கூட்டுறவு வங்கியின் லாக்கர் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். சாவியை இடுப்பில் தொட்டுப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இங்கே அவரிடம் சாவி எதுவும் கிடையாது. இடுப்பை மட்டும் தொட்டுக்கொள்வார்.

"வைப்பாளர் வந்திருக்காங்களா?"

"நான் அவ அப்பா சார்."

"அப்பா யார் வேணா ஆகலாம். வைப்பாளர் நேர்ல வரணும்."

மறுநாள் ஹானி பள்ளிச் சீருடையில் வந்தாள். ஒரு தட்டில் மை கொண்டுவந்தார்கள். வலது காலை வைத்து எடுத்தாள். ரகுபதி பூதக்கண்ணாடியை எடுத்துப் பழைய படிவத்தையும் புதிய தாளையும் பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். அருவி கொட்டிக்கொண்டே இருந்தது.

"பொருந்தல."

"எது சார்?"

"கால். எங்க பதிவுல இருக்கறது மூணு அங்குலம்கூட இல்ல. இவங்க வெச்சது ஒன்பது அங்குலம். ஒரு நூல், ரெண்டு நூல்னா மேனேஜர் பொறுப்புல விடலாம். ஆறு அங்குல வித்தியாசத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

"பன்னெண்டு வருஷம் ஆச்சே சார். வளந்துட்டா."

"அது உங்க தரப்பு விளக்கம். எழுதிக் குடுங்க."

ஹபீப் எழுதிக் கொடுத்தார். "என் மகள் வளர்ந்துவிட்டாள்." பெரிய எழுத்தில்தான். ரகுபதி படித்துவிட்டு, வளர்ச்சி படிப்படியாக ஏற்பட்டதா, ஒரேயடியாக ஏற்பட்டதா, அதற்கு ஆவணம் உண்டா என்று கேட்டார்.

இந்தக் கேள்வி கேட்டதும் ஹபீபின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு எந்தத் தகப்பனிடமும் இருக்காத ஆவணம் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும், பிறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பிள்ளைகளைப் பழுப்புத் தாளில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்த அளவில் புதுச் செருப்புத் தைப்பார். பிறந்த வருடத்திலேயே, நடக்காத காலுக்கு வெல்வெட் செருப்புத் தைத்த ஆள் அவர். தாளில் வருடம் எழுதிக் கடையில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எடுத்த தாள் ஒன்றுகூடத் தொலையவில்லை. இந்த ரம்ஜானில் சஃப்வானுடையது மட்டும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பென்சிலும் தாளுமாகப் போய்க் கட்டில் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பிவிட்டார். வளரப்போகிற காலுக்குத்தான் அளவெடுப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவரால் குனிய முடியவில்லை.

ஹானியின் தாள்களை வங்கியின் பளிங்குத் தரையில் வரிசையாகப் பரப்பினார். சின்னப் பாதத்திலிருந்து பெரிய பாதம் வரைக்கும் யாரோ அருவியை நோக்கி நடந்து போன மாதிரி இருந்தது. ஊழியர்கள் எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு பெண் போட்டோகூட எடுத்துக்கொண்டாள். ரகுபதி குனிந்து வருடங்களைப் படித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார்.

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது இருக்கு. இருபத்தொண்ணு இருக்கு. இருபது எங்க?"

"லாக்டவுன் சார். கடையே தொறக்கல. அந்த ரம்ஜானுக்குச் செருப்பு தைக்கல."

"அப்ப ரெண்டாயிரத்து இருபதுல வைப்பாளருக்குக் கால் இருந்ததுக்கு ஆவணம் இல்ல."

"அதுக்கு முன்னாடி இருந்துச்சு, பின்னாடியும் இருக்கு. நடுவுல எங்க சார் போவும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"இருந்துச்சு சார்," என்றாள் ஹானி. "ஆன்லைன் க்ளாஸ்ல காலை ஆட்டிக்கிட்டே இருக்கேன்னு மிஸ் திட்டுனாங்க."

ரகுபதி அதைக் குறித்துக்கொண்டார். பள்ளியிலிருந்து சான்று வாங்கி வரச் சொன்னார். பள்ளிக்குக் கோடை விடுமுறை. தலைமையாசிரியை நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருந்தார். ஹபீப் அங்கே போய் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் காத்திருந்து, தரிசனம் முடித்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் பிரசாதத் தொன்னையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, "இம்மாணவிக்கு 2020–21 கல்வியாண்டு முழுவதும் இரண்டு கால்கள் இருந்தன, நடத்தை நன்று" என்று எழுதிக் கொடுத்தார். இதற்குள் இரண்டு வாரம் போயிருந்தது. சஃப்வானுக்கு நான்கு முறை ரத்தம் ஏற்றியிருந்தார்கள்.

*

கால் ஒப்புக்கொள்ளப்பட்டுக் கோப்பு மேலே போனது. மேலே என்றால் நான்காவது மாடி. அங்கே கொள்கைத் தலைவர் பரத்வாஜ் இருந்தார். உலகத்தின் ஸ்டெம் செல் வங்கிக் கொள்கைகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்று பேர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் தெரிந்தால் கொள்கை கலைந்துவிடும் போல.

"பை எங்க சார் கீது?" என்று கேட்டார் ஹபீப்.

"தரமணியில, நம்ம கிடங்குலதான்."

"பக்கம்தான். ரயில்ல போய்…"

"பை தரமணியில இருக்கு மிஸ்டர் ரஹ்மான். அதோட சட்டம் வெளியூர்ல இருக்கு."

அவர் விளக்கியது இது. ஆதிமூலம் வங்கி முதலில் ஒரு நாட்டு நிறுவனத்தோடு இணைந்தது. அந்த நிறுவனத்தை இன்னொரு நாட்டு நிறுவனம் வாங்கியது. அதை மூன்றாவது ஒன்று வாங்கியது. ஒவ்வொரு முறையும் பைகளுக்கு அந்தந்த நாட்டின் கொள்கையும் பொருந்தும் என்று கையெழுத்தானது. பழையதை யாரும் ரத்து செய்யவில்லை. நாடுகளின் பெயரை வெளியில் சொல்ல ஒப்பந்தம் இடம் தராததால் முதல் நாடு, இரண்டாம் நாடு, மூன்றாம் நாடு என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாட்டில் செல் என்பது சொத்து. இரண்டாம் நாட்டில் அது ஓர் ஆள். அதற்கு மானம் மரியாதை உண்டு. மூன்றாம் நாட்டில் அது மருந்து.

தரமணியை விட்டு ஓர் அங்குலம் நகராமல் அந்தப் பை மூன்று நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தது. ஹபீபிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

"நம்ம நாட்டுல இன்னா சார் சொல்றாங்க?"

"இங்க நெறிமுறைகள் இருக்கு. அருமையான நெறிமுறைகள்." பரத்வாஜ் கண்ணைத் திறக்காமலே சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக மாட்டியிருந்தது. ஓரத்தில் சந்தனப் பொட்டு. "ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதுக்குத்தான். அவ்வளவு மதிப்பு வெச்சிருக்கோம். அதனாலதான் கழட்டி எடுத்துப் படிக்கறதில்ல."

"சார், என் புள்ளைக்கு இன்னும் மூணு வாரம்தான் டைம் கீது."

"புரியறது. ஆனா இரண்டாம் நாட்டுச் சட்டப்படி பையையும் கேட்டாகணும். அதோட விருப்பம் தெரியாம ஓர் ஆளை எடுத்து இன்னோர் ஆளுக்குள்ள ஏத்தறது நாகரிகம் இல்ல. பைக்கு ஒரு நலன் காப்பாளரை நியமிக்கறேன்."

ரகுபதியையே நியமித்தார். அன்று சாயங்காலம் வரவேற்பறையில் ஹபீப் வணக்கம் சொன்னபோது ரகுபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனிமே எங்கிட்டப் பேசாதீங்க. நான் பை தரப்பு."

*

பையின் விருப்பத்தைக் கேட்கும் சடங்கு தரமணிக் கிடங்கில் நடந்தது. ஹபீப் பார்வையாளராக அனுமதிக்கப்பட்டார். ஆளுயரத்தில் எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறவர் துரைராஜ். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரில் கொண்டுபோய் விடப்பட்டவர். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, பத்து வருடமாக ஒரு நாள்கூடத் தொட்டிகளைக் காயவிடாதவர்.

ரகுபதி தொட்டியின் முன் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, விண்ணப்பத்தை வாசித்தார். "வணக்கம். தங்களைச் செல்வன் சஃப்வான் என்பவரது உடலில் குடியமர்த்தக் கோரி மனு வந்துள்ளது. தங்களுக்குச் சம்மதமா என்பதை மூன்று நிமிடத்துக்குள் தெரிவிக்கவும்." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொட்டியிலிருந்து மெல்லிய புகை வந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

"இன்னா பாய், இது இன்னா கூத்து?" என்று துரைராஜ் ஹபீபின் காதோரம் கேட்டார்.

"பையோட சம்மதம் கேக்குறாங்க."

"எங்கள ஆத்தாங்கரைல இர்ந்து தூக்கசொல்ல ஒர்த்தனும் இப்டி நின்னு கேக்கலியே பாய். லாரில ஏத்திக்கினு போய்னே இர்ந்தாங்க."

மூன்று நிமிடம் முடிந்தது. "பதில் இல்லை" என்று ரகுபதி எழுதினார். முதல் நாட்டுச் சட்டப்படி பதில் வராவிட்டால் ஒப்புதல். இரண்டாம் நாட்டுப்படி மறுப்பு. மூன்றாம் நாட்டுப்படி தொண்ணூறு நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும். மூன்றையும் இசைவிக்க ஒரு பன்னாட்டு மாநாடு தேவை என்று பரத்வாஜ் அறிக்கை எழுதினார். அதில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. கைக்கருகில் இருந்த ஒரே பொதுமக்கள் ஹபீப்தான்.

*

மாநாடு தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நட்சத்திர ஓட்டல் கிடைக்கவில்லை. வாசலில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் அப்படியே இருந்தது. "ராம்குமார் – ஜோதிலட்சுமி" என்ற பூ எழுத்துகளை எடுக்க நேரமில்லாமல், அதற்குக் கீழே "பன்னாட்டு ஸ்டெம் செல் கொள்கை இசைவு மாநாட்டுக்கு வருக" என்று பேனர் கட்டியிருந்தார்கள். மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் மூன்று திரைகளில் தெரிந்தார்கள். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது; அதன் முன்னால் "பை எண் 48,211" என்ற பெயர்ப்பலகை. இரண்டாம் நாட்டின் வற்புறுத்தல். வெளியே எடுத்தால் உருகிவிடும் என்பதால் பை நேரில் வரவில்லை. அதன் உடல்நிலை குறித்துச் சாட்சி சொல்ல துரைராஜ் வந்திருந்தார்.

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு. நல்லா கீது," என்று சாட்சி சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைய கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்த ஒரே உரை அது.

ஹபீப் கழுத்தில் "பொதுமக்கள்" என்ற அட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாட்டுப் பிரதிநிதி, சொத்துக்கு உரியவள் மைனர் என்பதால் பதினெட்டு வயதானதும் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். இரண்டாம் நாட்டுப் பிரதிநிதி, பைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லையே என்று கண் கலங்கினார். மூன்றாம் நாட்டவர், மருந்தென்றால் காலாவதித் தேதி எங்கே, தேதி போடாத மருந்து ஏற்கெனவே காலாவதியானது என்றார். அதோடு அவருடைய திரை உறைந்துவிட்டது. அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி இருந்தார். "ஆழ்ந்த பரிசீலனை" என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது.

பிறகு பரத்வாஜ் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"உலகத்தின் பல நாடுகளில் ஸ்டெம் செல் வங்கிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் பைகள் வெளியே போகின்றன. நோயாளிகளுக்கு ஏற்றுகிறார்கள். சிலர் பிழைக்கிறார்கள், சிலர் இறக்கிறார்கள். புள்ளிவிவரம் கெட்டுப்போகிறது. ஆனால் நம் ஆதிமூலத்தின் பையை ஏற்றி இன்றுவரை ஒரு நோயாளிகூட இறந்ததில்லை. காரணம், ஒரு பைகூட ஏற்றப்படவில்லை. இதைவிடப் பாதுகாப்பான கொள்கையை எந்த நாடாவது காட்டட்டும். நண்பர்களே, எடுப்பதற்காக வைப்பவன் வைப்பின் மேல் நம்பிக்கை இல்லாதவன்."

கைதட்டல் எழுந்தது. ஹபீபும் தட்டினார், பக்கத்தில் எல்லாரும் தட்டினார்களே என்று. அடுத்த பொருளாக அவருடைய மனு வந்தது. உடனே ரகுபதி எழுந்து ஆட்சேபித்தார்.

"பொதுமக்கள் பிரதிநிதிக்கு இந்த மனுவுல சொந்த நலன் இருக்கு. அவர் வெளிய போகணும்."

"எனக்கு ஒரு நலனும் இல்ல சார். என் புள்ளைக்குத்தான்," என்றார் ஹபீப்.

"அது இன்னும் மோசம்," என்றார் பரத்வாஜ், வருத்தத்தோடுதான்.

அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். பொதுமக்கள் இல்லாத கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டது. பந்தி நடக்கும் கூடத்தில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். பைக்கும் ஓர் இலை போட்டு, இனிப்பு வைத்து, தண்ணீர் தெளித்திருந்தது. கை கழுவும் குழாயடியில் துரைராஜ் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பாய், தொர்த்திட்டாங்களா?"

ஹபீப் தலையசைத்தார்.

"நா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காத. அந்தப் பைல கீறது யாரோட ரத்தம்?"

"என் பொண்ணோடது."

"அவ எங்க கீறா?"

"வீட்ல."

"நல்லா கீறாளா?"

"நல்லாத்தான் கீறா."

"அப்பறம் இன்னாத்துக்கு பாய் நீ இங்க நின்னுக்கினு கீற? அவ சின்னதா இர்க்கசொல்ல புட்ச்ச ஒரு கப்பு இங்க கீது. முழு ஆளு வூட்ல குந்திக்கினு கீறா."

அப்போதுதான் போன் அடித்தது. ஆரோக்கியமேரி. "சஃப்வானுக்குக் காய்ச்சல் நூத்திமூணு. உடனே வாங்க. பை வருதா, வராதா?"

"வராது டாக்டர்," என்றார் ஹபீப். இத்தனை வாரத்தில் யாருமே அவருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லாத பதிலை அவரே சொன்னார். "ஹானிய இட்டாரேன்."

வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டபோது அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அஃப்சருன்னிசா அழுதாள், ஆனால் தடுக்கவில்லை. ஹபீப் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். முதல் நாளே இந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

காய்ச்சல் இறங்க ஐந்து நாளானது. பிறகு டாக்டர் ஹானியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்போம். எந்திரிச்சப்பறம் இடுப்பு ரெண்டு மூணு நாள் வலிக்கும். எடுத்தது கொஞ்ச வாரத்துல உனக்குத் தானா ஊறிடும். வேணாம்னு தோணினா இப்பவே சொல்லலாம். சரியா?"

"சரி."

"பயமா இருக்கா?"

"கொஞ்சம். இருந்தாலும் சரி."

உலகக் கொள்கை இசைவு அத்தனையும் நாலு நிமிடத்தில் முடிந்தது. தாளை நீட்டினார். பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே அவளுக்கும் ஒரு கோடு இருந்தது. ஹானி பேனாவை வாங்காமல் டாக்டரைப் பார்த்தாள்.

"கால் வெக்கணுமா டாக்டர்?"

ஆரோக்கியமேரிக்கு ஒன்றும் புரியவில்லை.

*

செப்டம்பர் மாதம் ரகுபதி கச்சேரி சாலை வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கோப்பும் உறையிட்ட கடிதமும். உறை மேல் "உம்மே ஹானி, ஸ்டெம் செல் சேமிப்பு மற்றும் விநியோகம்" என்று முகவரி எழுதியிருந்தது.

"உங்க மக உரிமம் இல்லாம ஸ்டெம் செல் சேமிச்சு வெச்சு, வெளியாளுக்கு விநியோகம் பண்ணியிருக்காங்க. மாநாட்டுத் தீர்மானப்படி ஆய்வுக்கு வந்திருக்கேன்," என்றார். "சேமிப்புக் கலம் எங்க?"

"ஸ்கூலுக்குப் போய்க்கீது சார்," என்றார் ஹபீப்.

ரகுபதி எழுதினார்: கலம் முன்னறிவிப்பின்றி இடம் மாற்றப்பட்டுள்ளது.

"சேமிப்பு வெப்பநிலை?"

"தொட்டுப் பாத்தா சாதாரணமாத்தான் இருக்கும். முப்பத்தேழுன்னு போட்டுக்கோங்க."

"விதிப்படி மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு இருக்கணும். மின்தடை ஏற்பட்டா மாற்று ஏற்பாடு?"

"மொட்டை மாடிக்குப் போயிடுவா."

அஃப்சருன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆய்வின்போது எதையும் அருந்தக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொல்லிவிட்டு, ரகுபதி குடித்தார். கடிதத்தை ஹபீபிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். ஹபீப் உறையைப் பிரித்தார். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. தாளை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கனமான தாள், அடியில் வங்கியின் முத்திரையை அழுத்திப் பதித்திருந்தார்கள், பின்பக்கமும் புடைத்துத் தெரிந்தது.

உள்ளறைக் கதவருகில் சஃப்வான் முகக்கவசத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிகிச்சையில் கொட்டிப்போன முடி இப்போது கறுப்பாக, குட்டையாக முளைத்திருந்தது. இரண்டு மாதமாக அவனுக்கு வெளி ரத்தம் ஏற்றவில்லை. அக்காவின் செல் அவனுக்குள் வேலை செய்கிறது என்று டாக்டர் போன வாரம்தான் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

ஹபீப் தாளைக் கவிழ்த்துத் தரையில் போட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சஃப்வான், இங்க வா. வலது காலை இதுல வெய்யி. அழுத்தி நில்லு."

"அது அலுவல் ஆவணம்," என்றார் ரகுபதி.

"ஒரு நிமிஷம் சார்."

ஹபீப் மண்டியிட்டுக் குனிந்தார். கட்டைவிரலில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். பையன் கூச்சத்தில் நெளிந்ததால் கோடு ஒரே சீராக வரவில்லை. கோடு முடிந்ததும், கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த தகர டப்பாவிலிருந்து போன வருடத்துத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். முக்கால் அங்குலம்.

"வளந்திருக்கான்," என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது.

"ஆவணம் இருக்கா?" என்றார் ரகுபதி, பழக்க தோஷத்தில்.

ஹபீப் தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். பென்சில் கோட்டுக்குள், குதிகால் ஊன்றிய இடத்தில், ஆதிமூலத்தின் முத்திரை புடைத்துக்கொண்டிருந்தது.